ஏழாம் நிலையத்துக்கு முழு மதிப்பு: கல்முனையிலிருந்து பொத்துவில் வரை ஒரு பயணம்

பொத்துவிலை ஒட்டிய ஆறுகம்பேக்குக் கல்முனை வழியாகப் போகலாமா என்று கேட்டு இந்த மாதம் மட்டும் நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். தாராளமாகப் போகலாம். வீதி நன்றாக இருக்கிறது, சாப்பாடு அதைவிட நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வீதியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு 1982 மார்ச் மாதத்தில் போன பயணம்தான் நினைவுக்கு வருகிறது. அன்று நான் போனது கடல் பார்க்க இல்லை. பதினொரு மகப்பேற்று நிலையங்களை வரிசைப்படுத்தி, கடைசியில் நிற்பதை மூடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போடப் போனேன்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஊர் திருகோணமலை. வெளிநாட்டில் இரண்டு வருடம் படித்துவிட்டு, உலகத்திலேயே புத்தம்புதிய கணக்கு முறை ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்து இறங்கியிருந்தேன். ஒரு திட்ட அலுவலகம் என்னை வேலைக்கு எடுத்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். கரையோரத்தில் ஒரு நிலையத்தைக் குறைக்க வேண்டும், எதைக் குறைப்பது என்று ஆள் முகம் பார்க்காமல் சொல்லுங்கள் என்றார்கள். முகம் பார்க்காமல் சொல்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

முறையின் பெயர் தரவு உறைப் பகுப்பாய்வு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், சமையலறை மேசையிலும் செய்யலாம். நான் பாண்டிருப்பில் ஒரு சிநேகிதியின் வீட்டில் தங்கியிருந்து அப்படித்தான் செய்தேன். வரைபுத் தாளில் குறுக்காக ஒரு கோடு: ஒரு பிரசவத்துக்கு ஒரு நிலையம் எவ்வளவு ஆள்பலம் செலவழிக்கிறது. நெடுக்காக ஒரு கோடு: எத்தனை கட்டில் செலவழிக்கிறது. பதினொரு நிலையத்துக்கும் பதினொரு குண்டூசி. கோடுகள் சந்திக்கிற மூலைக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு சிறப்பு. மூலைப் பக்கமாக நிற்கிற ஊசிகளைச் சேர்த்து ஒரு நூலை இழுத்துக் கட்டினால் அதுதான் உறை. நூலைத் தொடுகிற நிலையத்துக்கு மதிப்பு 1. பின்னால் நிற்பவற்றுக்கு, எவ்வளவு பின்னால் என்பதைப் பொறுத்து ஒன்றுக்குக் குறைவு. சிநேகிதி மருதமுனைத் தறிக்காரர் ஒருவரிடம் கேட்டு வாங்கிக்கொடுத்த நீல நூலைத்தான் நான் கட்டினேன்.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது அதன் நியாயம். ஆள் குறைந்த நிலையத்தை ஆளைக்கொண்டு பார்க்கும், கட்டில் குறைந்ததைக் கட்டிலைக்கொண்டு பார்க்கும். அவரவருக்குச் சாதகமான பக்கத்தைப் பார்த்த பிறகுதான் தீர்ப்புச் சொல்லும். பிடிக்காத ஒன்றும் இருந்தது. உதாரணமாக, ஐந்தாம் நிலையத்தின் மதிப்பைக் காண மூலையிலிருந்து அதன் ஊசிக்கு ஒரு கோடு இழுத்தேன். கோடு நூலை வெட்டிய இடத்தில் ஊசி எதுவும் இல்லை. ஏழாம் நிலையத்தில் கொஞ்சமும் மூன்றாம் நிலையத்தில் கொஞ்சமும் கலந்த, உலகத்தில் இல்லாத ஒரு நிலையம் அங்கே இருந்தது. ஐந்தாம் நிலையம் அதைப்போல இருந்திருக்க வேண்டும் என்று கணக்குச் சொன்னது. உயிரோடு இருக்கிற ஒன்றை இல்லாத ஒன்றோடு நிறுத்தி அளப்பது எனக்கு அப்போதே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

எட்டாம் நிலையத்துக்கு இழுத்தபோது அது இன்னும் மோசம். கோடு ஏழாம் நிலையத்தின் ஊசியிலேயே போய் முட்டியது. மூன்று தரம் நூலை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒரே திசையில் ஒன்றன் பின்னால் ஒன்றாக, முன்னால் ஏழு, பின்னால் எட்டு. ஏழில் நிரந்தர மருத்துவிச்சி கிடையாது, பதில் ஆள் என்று கால் பங்கு மட்டும் படிவத்தில் இருந்தது. கட்டில் ஒன்று, மாதம் ஆறு பிரசவம். எட்டில் முழுநேர மருத்துவிச்சி ஒருவர், கட்டில் நான்கு, பிரசவம் ஒன்பதுதான். ஏழுக்கு மதிப்பு 1. எட்டுக்கு 0.38. அதுதான் கடைசி, அதற்கு மேலே இருந்த ஐந்தாம் நிலையம்கூட 0.62 எடுத்திருந்தது.

ஆக எட்டை மூட வேண்டியதுதான். படிவங்களை நேரில் ஒரு தடவை சரிபார்த்துவிட்டுத் திங்கட்கிழமை அறிக்கையைக் கொடுத்தால் வேலை முடிந்தது.

வியாழக்கிழமை காலை 6.15க்குப் பாண்டிருப்பிலிருந்து புறப்பட்டேன். கார் ஒரு பழைய மொரிஸ் மைனர், வாடகை மைலுக்கு மூன்று ரூபாய், ஓட்டுநரின் சாப்பாடு என்னுடைய பொறுப்பு. ஓட்டுநர் ஆதம்பாவா காக்கா (அந்தப் பக்கம் மூத்த ஆண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கல்முனைக்காரர், ஐம்பது வயது இருக்கும். என்னை 'மகள்' என்றுதான் கூப்பிட்டார். நான் பின் இருக்கையில் படிவங்களைப் பரப்பிவைத்து முழு இருக்கையையும் பிடித்துக்கொண்டேன். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அறுவடை முடிந்து காய்ந்துகிடக்கிற வயல்.

ஐந்தாம் நிலையத்தில் 8.30க்கு இறங்கினேன். அங்கே இரண்டு மருத்துவிச்சிகள். மூத்தவர் எனக்குப் பிளேன்டீயும் தட்டில் வட்டிலப்பமும் வைத்துவிட்டு, நாங்கள் எத்தனையாவது என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். சொல்லக் கூடாதுதான். கடைசி இல்லை என்று சொல்லிவிட்டேன். அவருடைய தோள் இறங்கியது எனக்குத் தெரிந்தது. இன்னொரு துண்டு வட்டிலப்பம் வைத்தார், சாப்பிட்டேன்.

ஒலுவில் தாண்டி, கல்முனையிலிருந்து சுமார் பதினான்காவது மைலில், கடல் பக்கமாக ஒரு மணல் ஒழுங்கை பிரியும். ஊரின் பெயரை எழுதப்போவதில்லை, அங்கே இருப்பவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்தச் சந்தியில் யாருமே கை காட்டவில்லை, காக்கா காரை நிறுத்தினார். பின்பக்கமாகக் கையை நீட்டி இடது கதவைத் திறந்தார். பத்துப் பதினைந்து விநாடி இருக்கும். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, வீதியில் ஒரு குருவிகூட இல்லை. பிறகு கதவைச் சாத்திவிட்டு ஓட்டினார். என்ன காக்கா என்று கேட்டேன். கதவு கொஞ்சம் லூஸ், சரியாகச் சாத்தினேன் என்றார். திறக்காத கதவு எப்படி லூசாகும் என்று எனக்கு வாயில் வந்தது. விட்டுவிட்டேன்.

பொத்துவிலுக்குப் பிற்பகல் 1.40. கல்முனையிலிருந்து நாற்பத்துநான்கு மைல், நடுவில் நின்றதையும் சேர்த்து அவ்வளவு நேரம். தங்கிய அறை நாளுக்கு அறுபது ரூபாய், கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. வெள்ளிக்கிழமை பதினோராம், பத்தாம், ஒன்பதாம் நிலையங்களை முடித்தேன். பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை ஜும்மாத் தொழுகைக்காக எல்லாமே பூட்டு, அதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் நிலையத்தில் மட்டும் ஒரு சின்ன விஷயம் நடந்தது. ஏழாம் நிலையம்தான் முதலாவதாக வந்திருக்கிறது, அங்கே என்ன செய்கிறார்கள் என்று நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும் என்று அங்கிருந்த மருத்துவிச்சிக்குப் புத்தி சொன்னேன். அவர் கழுவிக்கொண்டிருந்த பேசினைக் கீழே வைத்தார். அங்கே இருப்பது ஆசியா மிஸ்ஸி என்றார். கெட்டிக்காரியா என்று கேட்டேன். ஓம் என்றார். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்காமலே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். மருத்துவிச்சிகளையும் தாதிமாரையும் அந்தப் பக்கம் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

சனிக்கிழமை காலை எட்டாம் நிலையம். 10.50 ஆகியிருந்தது. கட்டில் ஒன்றில் அன்று காலை பிள்ளை பெற்ற தாய் படுத்திருந்தாள், பக்கத்தில் பிள்ளை. மருத்துவிச்சி ஹாஜரா இல்லை. எங்கே என்று கேட்டதற்கு, இன்றைக்குச் சனிக்கிழமை, ஹாஜரா மிஸ்ஸி இன்றைக்கு இல்லை என்றாள் தாய். அப்படியானால் உனக்குப் பிரசவம் பார்த்தது யார் என்றேன். ஆசியா மிஸ்ஸி என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஏழாம் நிலையத்துக்காரி இரண்டு மைல் வந்து இங்கே வேலை செய்கிறாள், முழுச் சம்பளக்காரி சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு வீட்டில் இருக்கிறாள். 0.38க்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

ஏழுக்கு வண்டியை விடச் சொன்னேன். காக்கா சந்தியில் காரை நிறுத்திவிட்டு, ஒழுங்கையில் மணல், கார் புதையும், நீங்கள் நடந்து போய் வாருங்கள் என்றார். கால் மைல் நடந்தேன். வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் தலையில்லாத தென்னைகள் நின்றன, எழுபத்தெட்டுச் சூறாவளி முறித்துவிட்டுப் போனவை. மூன்று வருடத்துக்கு மேலாகியும் வெட்டாமல் விட்டிருந்தார்கள். காற்று இல்லை. கடல் இரைச்சல் மட்டும் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாதபடி வந்தது.

ஏழாம் நிலையத்துக்குக் கூரை இல்லை.

சுவர்கள் இடுப்புயரத்துக்கு நின்றன. பின்பக்க மூலையில் ஒரே ஒரு அறையை மட்டும் புதுக் கிடுகு போட்டு மூடியிருந்தார்கள். முற்றம் அன்று காலை கூட்டியது, ஈர்க்குக் கோடுகள் அழியாமல் இருந்தன, அதன் மேல் ஒரு சோடிக் காலடி உள்ளே போய் வெளியே வந்திருந்தது. அறைக்குள் ஒரு கட்டில், கஞ்சி போட்டு விரித்த வெள்ளைத் துணி, அதில் ஒரு சுருக்கமும் இல்லை. பிள்ளை நிறுக்கிற தராசு. மேசையில் பிரசவப் பதிவேடு திறந்துகிடந்தது. கடைசி வரியில் அன்றைய திகதி. காலை 7.20, ஆண் பிள்ளை, ஆறு இறாத்தல் நான்கு அவுன்ஸ். தாயின் பெயர், நான் சற்று முன் எட்டாம் நிலையத்தில் பேசிவிட்டு வந்தவளின் பெயர். கடமையில் இருந்தவர் என்ற கட்டத்தில் ஆசியா உம்மா. கையெழுத்துக் கட்டத்தில் ஒரு கோடு. மை முழுதாகக் காயவில்லை, என் விரலில் ஒட்டிக்கொண்டது.

பக்கங்களைப் புரட்டினேன். செவ்வாய், சனி, செவ்வாய், சனி. வேறு கிழமையே இல்லை. கட்டிலில் யாரும் படுத்ததற்கான அடையாளமும் இல்லை.

கிணற்றடியில் ஒரு பெண் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தாள். மிஸ்ஸி எங்கே என்று கேட்டேன்.

"இப்பதான் எழுதிட்டுப் போறா."

"எந்த மிஸ்ஸி?"

"ஆசியா மிஸ்ஸி. இண்டைக்குச் சனிக்கிழமையெல்லா."

எங்கே இருப்பார் என்று கேட்டேன். பள்ளிவாசல் பக்கம் கை காட்டினாள். பள்ளிக்குப் பக்கத்தில்தான் இருப்பிடம் என்றாள். மிகச் சாதாரணமாக, கடைக்கு வழி சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வாளியைக் கிணற்றில் இறக்கினாள்.

நடந்து போனேன். நடுப்பகல் தொழுகைக்கான ளுஹர் பாங்கு சொல்ல இன்னும் நேரம் இருந்தது, பள்ளி முற்றத்தில் யாரும் இல்லை. பள்ளிக்குப் பக்கத்தில் வீடு என்று எதுவும் இல்லை. இருந்தது மையவாடி. குட்டைச் சுவருக்கு உள்ளே மணலில் அடக்கத்தலங்கள், தலைமாட்டில் மீஸான் கட்டைகள். சுவருக்கு வெளியே, வெள்ளைச் சீருடையில், கையில் மருத்துவிச்சிப் பையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். என் பக்கம் முதுகு. உள்ளே பார்த்து ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குத் திரும்பி ஓட வேண்டும்போல இருந்தது. கால் மணலில் புதைந்ததால் நின்றேன்.

திரும்பினாள். முப்பத்தைந்து வயது இருக்கும், கண்ணுக்குக் கீழே நித்திரை இல்லாத கறுப்பு. நான்தான் ஹாஜரா என்றாள். நீங்கள் வருவீர்கள் என்று ஒன்பதிலிருந்து சொல்லி அனுப்பினார்கள் என்றாள்.

ஏழாம் நிலையத்துக்கு இருவரும் திரும்பி நடந்தபோதுதான் கதை முழுவதும் எனக்குத் தெரிந்தது. சூறாவளிக்கு முன் ஹாஜராவும் ஆசியாவும் அங்கே சேர்ந்து வேலை செய்தார்கள், ஆசியா மூத்தவர். செவ்வாயும் சனியும் ஆசியாவின் கடமை, மற்ற நாட்கள் ஹாஜராவுடையவை. ஒருவருக்கு முடியாவிட்டால் மற்றவர் வந்து நிற்பார். அப்படி நிற்கும்போது பிறக்கிற பிள்ளையை, கடமை யாருடையதோ அவர் பெயரில்தான் எழுதுவார்கள். பிரசவம் பார்ப்பதன் நன்மை அந்தப் பெயருக்குப் போகும் என்று நம்பிக்கை. வாங்கிய கடமையைப் பிறகு ஒரு நாள் நின்று திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்தக் கரையோரத்து மிஸ்ஸிமார் எல்லோருக்கும் அதுதான் வழக்கம், எந்தச் சுற்றறிக்கையிலும் கிடையாது. சூறாவளி அடித்த அன்று கடமை ஹாஜராவுடையது. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினாள், ஆசியா வந்து நின்றார். கூரை போகத் தொடங்கியதும் பிரசவ வலியில் இருந்த தாயைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளிக்குள் விட்டார். பையை எடுக்கத் திரும்பினார். சுவர் அவர் மேல் விழுந்தது.

அதற்குப் பிறகு ஹாஜராவை எட்டுக்கு மாற்றினார்கள். ஏழாம் நிலையத்தை வெற்றிடம் என்று எழுதி, பதில் ஆள் கால் பங்கு என்று போட்டார்கள். அந்தக் கால் பங்கும் அவள்தான். செவ்வாயும் சனியும் எட்டில் அவள் கையில் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டு மைல் வந்து ஆசியாவின் பதிவேட்டில் எழுதினாள். தாய்மாருக்கும் அது தெரியும். அந்த இரண்டு நாளும் அவளை அவர்கள் ஹாஜரா என்று கூப்பிடுவதில்லை.

என் முறை முதலாவது என்று சொன்னதும் கடைசி என்று சொன்னதும் ஒரே சோடிக் கையைத்தான். நீல நூல் இரண்டு ஊசியையும் ஒரே கோட்டில் நிறுத்திக் காட்டியபோது, எனக்கு நூலைத் திருப்பித் திருப்பி வைக்கத்தான் தெரிந்தது.

கிடுகு அறைக்குள் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். இப்படியே விட்டால் எட்டை மூடுவார்கள், உங்களை உள்நாட்டுப் பக்கம் எங்கேயாவது மாற்றுவார்கள், இந்தத் தாய்மார் நிந்தவூருக்கோ அக்கரைப்பற்றுக்கோ மாட்டு வண்டியில் போக வேண்டியிருக்கும் என்றேன். வழி ஒன்று இருந்தது. ஏழையும் எட்டையும் ஒரே நிலையமாக ஒரே வரியில் எழுதலாம், எது ஒரு நிலையம் என்று தீர்மானிக்கிற உரிமை கணக்குப் போடுகிறவருக்கு உண்டு. பிரசவம் பதினைந்து, யாரும் படுக்காத ஏழின் கட்டிலை விட்டால் கட்டில் நான்கு, மருத்துவிச்சி ஒன்று. அவள் முன்னாலேயே தாளில் குறித்துக் காட்டினேன். மதிப்பு 1, எட்டு தப்பியது.

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். மருத்துவிச்சி என்ற கட்டத்தில் விரலை வைத்தாள்.

"ரெண்டு பேர் எண்டு எழுதுங்க, தங்கச்சி."

இரண்டு என்று எழுதினால், ஏழின் ஊசி போய் நூல் பின்வாங்கினாலும் உங்கள் மதிப்பு 0.75தான், ஐந்துக்கு 0.80, மறுபடியும் நீங்கள்தான் கடைசி என்றேன். அதையும் குறித்துக் காட்டினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை, குரலும் உயரவில்லை.

"நீங்க ஒண்டு எண்டு எழுதினா, இந்த மூணு வருசமும் நான் என்ட வேலையத்தான் செஞ்சிரிக்கன் எண்டு ஆகும். அவட டியூட்டிய நான் இன்னும் திருப்பிக் குடுக்கல்ல எண்டு ஆகும். புள்ளைகள் அவட. என்னால எடுக்க ஏலா."

மூடினால் இனிமேல் எழுதவே முடியாதே என்றேன். அவள் கட்டிலின் துணியில் இல்லாத ஒரு சுருக்கத்தைக் கையால் தடவி நேராக்கினாள். நான் பென்சிலால் 2 என்று எழுதினேன். எழுதியதைக் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் எழுந்தாள்.

அவளைக் காரில் ஏற்றி எட்டில் விட்டோம். பின் இருக்கையில் என்னோடு அவள் இருந்தாள். நான் ஒரு ஓரம், அவள் மறு ஓரம், நடுவில் ஒரு ஆள் இருக்கிற இடத்தை விட்டிருந்தாள். இறங்கும்போது என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள்.

கார் வடக்கே திரும்பியதும் பையிலிருந்து அழிறப்பரை எடுத்தேன். ஒன்று என்று எழுதினேன்.

சரி செய்தேன் என்று அப்போது நினைத்தேன், பாதி நாளில் இப்போதும் நினைக்கிறேன். எட்டு தப்பியது. ஆனால் வரிசை என்று ஒன்று இருந்தால் கடைசியில் யாராவது நின்றாக வேண்டும். புதிய நூலில் ஐந்தாம் நிலையம் 0.73க்கு வந்து கடைசியில் நின்றது, இரண்டு மாதத்தில் மூடினார்கள். எனக்கு வட்டிலப்பம் வைத்த மருத்துவிச்சியை எங்கே மாற்றினார்கள் என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை. ஏழாம் நிலையத்தின் பதிவேட்டை முடித்து அனுப்பும்படி கடிதம் போனது. பதிவேடு வரவில்லை. அதன் மாதப் படிவம் மட்டும் அதற்குப் பிறகும் மூன்று மாதம் வந்தது. பிரசவம் என்ற கட்டம் வெறுமையாக இருக்கும். மருத்துவிச்சி என்ற கட்டத்தில் 1 என்று எழுதியிருக்கும். மூன்றாவது படிவம் வந்த வாரம் நான் அந்த வேலையை விட்டேன்.

இனி நீங்கள் கேட்டவை. கல்முனையிலிருந்து அதிகாலையில் புறப்படுங்கள், பத்து மணிக்குப் பிறகு வெயில் தாங்காது. வெள்ளிக்கிழமை நடுப்பகலில் கடை திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஒலுவிலில் நான் போன காலத்தில் துறைமுகமும் இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை, கடல் இன்னும் கொஞ்சம் தூரத்தில் இருந்தது. இப்போது அங்கே கரையை எவ்வளவு தின்றிருக்கிறது என்று நின்று பாருங்கள். மருதமுனையில் சாரமும் கைத்தறிச் சேலையும் நெய்கிற வீட்டிலேயே வாங்குங்கள். பள்ளி, மையவாடிப் பக்கம் படம் எடுக்காதீர்கள். வாடகைக் கார் எடுத்தால் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட உள்ளூர் ஓட்டுநராகப் பார்த்து எடுங்கள், மற்றவர்களுக்கு வீதி மட்டும்தான் தெரியும்.

கடைசியாக ஒன்று. அன்று நான் அழித்த துகளை மடியிலிருந்து தட்டிக்கொண்டிருந்தபோது, அந்த மணல் ஒழுங்கைச் சந்தியில் ஆதம்பாவா காக்கா மறுபடியும் காரை நிறுத்தினார். கையை நீட்டி இடது கதவைத் திறந்தார். இந்த முறை நான் கேட்காமலே சொன்னார்.

"இந்த ரோட்டில மிஸ்ஸிமார ஏத்தாம நாங்க போறல்ல, மகள். என்ட மூணு புள்ளையையும் ஏந்தினவ ஆசியா மிஸ்ஸி."

வெளியே யாரும் இல்லை. வெயிலும் தலையில்லாத தென்னைகளும்தான். அனல் காற்று ஒன்று உள்ளே வந்து, என் பக்கத்தில் பரப்பிவைத்திருந்த தாள்களை மெதுவாகத் தூக்கியது. தாளில் ஒன்று என்று எழுதி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தாள்களை வாரி மடியில் வைத்துக்கொண்டு, வலது ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். காக்கா கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

ஒலுவிலுக்குத் தெற்கே உங்கள் ஓட்டுநரும் காரணமில்லாமல் ஒரு சந்தியில் நிறுத்தினால், ஏன் என்று கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். கொஞ்சம் நகர்ந்து இடம் விடுங்கள்.